ஏழாவது வடு

“இது என் துப்பாக்கி இல்ல” என்று திருவேங்கடம் மூன்றாவது முறையாகச் சொன்னபோது, தீனதயாளன் மூன்றாவது டம்ளர் மோரைக் காலி செய்திருந்தார்.

செய்யூரிலிருந்து உள்ளே தள்ளி, சவுக்குத் தோப்புக்கும் வேர்க்கடலை நிலத்துக்கும் நடுவில் இருந்த வீடு அது. கூடத்துக் கட்டிலில் வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கியைப் படுக்க வைத்திருந்தார்கள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை டாக்டருக்குக் காட்டுகிற தோரணையில் பக்கத்தில் நின்றார் திருவேங்கடம். அறுபத்திரண்டு வயது. இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது.

டாக்டர் இடத்தில் உட்கார்ந்திருந்தவள் ஜெசிந்தா. பத்து வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்தவள், இப்போது செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்தினாள். தீனதயாளன் அவளுடைய உதவியாளர். இருபத்தைந்து வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வேலையை விட்டபோது விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாயை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

“லைசன்ஸில் இருக்கிற நம்பரும் இதில் இருக்கிற நம்பரும் ஒண்ணுதான்” என்றாள் ஜெசிந்தா. “குழலும் பழசு. எதை வெச்சு உங்களுது இல்லன்றீங்க?”

“தோள்ல வெக்கிற மரக் கட்டையப் பாரும்மா. புது மாப்ள கணக்கா மின்னிக்கினு கீது. பன்னிங்க கடலைய நாசம் பண்ணுதுன்னு லைசன்ஸ் வாங்கி முப்பத்தஞ்சு வருசமா வெச்சிக்கினு கீறேன். என் துப்பாக்கி என்ன மாதிரியே இருக்கும். அங்கங்க அடிபட்டு, பாலீஷ் போயி. எலெக்‌ஷன் வருது, துப்பாக்கிய ஒப்படைன்னாங்க. செங்கல்பட்டுல தனகோடி துப்பாக்கிக் கடையில குடுத்தேன். ரிசல்ட் வந்து, புதன்கிழம போயி வாங்கியாந்து துணியப் பிரிச்சா, இது! மாத்திட்டான் அந்தாளு.”

“அண்ணாத்த” என்றார் தீனதயாளன், “பழசக் குடுத்துப் புதுசு வாங்கியாந்திருக்கிற. ஊர் உலகத்துல இதுக்கு ஆளுங்க சண்ட போட மாட்டாங்க. இனிப்பு குடுப்பாங்க.”

திருவேங்கடம் அவரைப் பார்த்த பார்வையில் நான்காவது டம்ளர் மோருக்கு வழியில்லை என்று தெரிந்தது.

“திங்கக்கிழம காலைல கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறேன். எழுதியும் வெச்சிட்டேன். அதுக்குள்ள நீ கண்டுபுடிச்சா சரி.”

இன்று வெள்ளி. ஜெசிந்தா மெதுவாகத் தலையாட்டினாள். “மனு போச்சுன்னா முதல்ல இந்தத் துப்பாக்கியைப் பரிசோதனைக்கு எடுத்துட்டுப் போவாங்க. தனகோடி கடையைப் பூட்டுவாங்க. உங்க லைசன்ஸையும் ஃபைல் முடியற வரைக்கும் நிறுத்தி வைக்கலாம். ஃபைல் எப்ப முடியும்னு ஆண்டவனுக்கே தெரியாது. பன்னிங்களுக்கு மட்டும் கொண்டாட்டம்.”

“ஆவட்டும். என்னுது எங்கன்னு தெரிஞ்சாவணும்.”

“அப்போ உங்களுதில் எங்கெங்கே என்னென்ன அடி இருந்துச்சுன்னு சொல்லுங்க. அண்ணே, எழுதிக்குங்க.”

திருவேங்கடம் கண்ணை மூடிக்கொண்டார். வெறும் காற்றில் வலது கையால் கட்டையைத் தடவிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். மொத்தம் ஒன்பது வடு. ஒன்பதையும் ஒன்பது பிள்ளைகளைப் போல வளர்த்திருந்தார்.

“மொதல்ல அடியில ஒரு கீறல். டிராக்டர் கொக்கியில மாட்டிக்கிச்சி.”

“டிராக்டர் இல்ல, மாட்டுக் கொட்டா கதவு” என்றாள் அவர் மனைவி வசந்தா, சமையலறை வாசலிலிருந்து.

“ரெண்டாவது, பல்லு பட்ட தடம். நாய்க்குட்டி கடிச்சிது.”

“நாலு பல்லு” என்றாள் வசந்தா.

“மூணாவது, ஒரு சூடு. இவ அப்பன் பீடிய அதுமேல வெச்சிட்டு என்கிட்டயே நெருப்பு கேட்டாரு.”

“எங்கப்பாவ இழுக்கலன்னா இவருக்கு நாஸ்தா எறங்காது.”

நான்காவதில் மாங்காய்ப் பால் பட்ட கறை, ஐந்தாவதில் முள்வேலி, ஆறாவதில் அவருடைய கன்னமே முப்பத்தைந்து வருடமாகத் தேய்த்து வழவழப்பாக்கிய இடம். ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு வருடம் சொன்னார், வசந்தா இன்னொரு வருடம் சொன்னாள். தீனதயாளனுக்கு எழுதி எழுதிக் கை வலித்தது. கல்யாண ஆல்பம் காட்டுகிறவர்கள்கூட இத்தனை விவரம் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

“ஏழாவது?”

“வலது பக்கம், கன்னம் வெக்கிற எடத்துக்குக் கீழ. ஒரு பள்ளம். பெருசு.”

“எப்படி ஆச்சு?”

“எங்கியோ இடிச்சிக்கிச்சி.”

“எங்க அண்ணாத்த?”

“எங்கியோ.” கண்ணைத் திறந்துவிட்டார். “எட்டாவது எழுது.”

வசந்தா அடுப்பைப் பார்க்க உள்ளே போயிருந்தாள். எட்டாவதுக்குத் திருத்தம் சொல்ல மறுபடி வாசலுக்கு வந்தாள்.

பட்டியல் முடிந்ததும் ஜெசிந்தா பையிலிருந்து ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண ஸ்கேல். அதைக் கட்டையின் வலது பக்கத்தில் நீளவாக்கில் படுக்கவைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே குனிந்து பார்த்தாள். பிறகு கட்டையின் பின்முனையில், தோளில் பதியும் ரப்பர் பட்டையின் ஓரத்தை ஆள்காட்டி விரலால் வருடினாள்.

“அண்ணே, இங்கே தொட்டுப் பாருங்க.”

தீனதயாளன் தொட்டார். மற்ற இடமெல்லாம் கண்ணாடி. அந்த ஓரத்தில் மட்டும் பாலீஷுக்குள் பொடிப்பொடியாக ஏதோ சிக்கி நறநறவென்றது. நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சாம்பல் நிறம். நடுவில் ஊசி முனையளவு மினுமினுப்பு.

அவர் வாயைத் திறப்பதற்குள் ஜெசிந்தா எழுந்துவிட்டாள். “வீட்டில வேற யார் இருக்காங்க?”

“நாங்க ரெண்டு பேருதான்” என்றார் திருவேங்கடம்.

உள்ளேயிருந்து பாத்திரச் சத்தம் ஒரு வினாடி நின்று, மறுபடி தொடர்ந்தது.

தீனதயாளனின் பழைய ஆம்னி வேன் மண் சாலையைத் தாண்டித் தார்ச் சாலையைத் தொட்ட பிறகுதான் ஜெசிந்தா கேட்டாள். “என்ன தூசிண்ணே அது?”

“கருங்கல் தூசி, மேடம். மாமல்லபுரம் ரூட்டுல நான் எத்தினி வருசம் ஓடினேன் தெரியுமா? சாயங்கால ட்ரிப்புல செல செதுக்கிறவங்க ஏறுவாங்க. எறங்கினப்புறம் சீட்டு பூரா இதுதான் இருக்கும். துண்டு போட்டுத் தொடச்சே என் பாதி சர்வீஸ் போச்சி.”

“அப்போ அந்தக் கட்டைக்குப் பாலீஷ் போட்டுக் காயவெச்ச இடத்துக்குப் பக்கத்தில யாரோ சிலை செதுக்கியிருக்காங்க.”

“தனகோடி கட செங்கல்பட்டுல கீது. அங்க செதுக்கறது பில்லு மட்டும்தான்.”

“ஸ்கேல் இன்னொண்ணும் சொல்லுச்சு. கட்டை பூரா ஒரே அளவாத் தேய்க்கல. ஒரு இடத்தில மட்டும் அதிகமாத் தேய்ச்சிருக்காங்க. ஸ்கேலுக்கு அடியில வெளிச்சம் தெரிஞ்சுது.”

“எந்த எடம்?”

“உங்க லிஸ்டில ஏழாவது.”

மறுநாள் சனிக்கிழமை காலை தனகோடியின் கடையில் கூட்டமில்லை. கண்ணாடி அலமாரி, தடித்த இரும்புப் பெட்டகம், ஒரு மேசை மின்விசிறி. தனகோடி ஐம்பதைத் தாண்டியவர். திருவேங்கடத்தின் பெயரைக் கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நம்பர் டேலி ஆவுது. துப்பாக்கி அதேதான். எந்தக் கோயில்ல வேணும்னாலும் சத்தியம் பண்றேன்.”

“துப்பாக்கி அதேதான்னு எனக்கும் தெரியும்” என்றாள் ஜெசிந்தா. “கட்டைக்குப் பாலீஷ் போட்டது யாரு?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா.”

“தெரியாதுன்றதுக்கு இவ்ளோ வேர்க்குதா அண்ணாத்த?” என்று தீனதயாளன் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டார்.

அப்போது உள் அறையிலிருந்து ஓர் ஆள் வந்தார். நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் மேலாளராம், பெயர் மோகன், துப்பாக்கி சுடும் கிளப்பில் உறுப்பினர். கையில் வெள்ளை உறை மாட்டியிருந்தார். ஒரு நீளமான பெட்டியைத் திறந்து, அதற்குள் வெல்வெட் உறை, அதற்குள் பருத்தித் துணி, அதற்குள் துப்பாக்கி என்று வெங்காயம் உரிப்பதுபோல உரித்து, செல்போன் டார்ச்சை அடித்து ஓர் இடத்தைக் காட்டினார்.

“பாருங்க சார். பாருங்க! ஸ்க்ராட்ச்!”

தீனதயாளன் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “முடி ஒட்டிக்கினு கீதா?”

“முடி இல்ல சார், கோடு! மூணு வருஷமா பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன். ஒரு ஈ உட்கார விட்டதில்ல. மூணு வாரமாச் சொல்றேன், இவர் கேக்க மாட்டேன்றார்.”

“இதால எத்தினி தடவ சுட்டிருக்கீங்க?”

மோகன் கொஞ்சம் தயங்கினார். “இன்னும் சுடல. சுட்டா குழல் உள்ள கறை படியும்.”

தனகோடி பெருமூச்சு விட்டார். “முப்பது வருசமா இந்த எடத்துல உக்காந்து பாக்கறேன்மா. துப்பாக்கி வெச்சிருக்கறவன் ரெண்டே ரகம். ஒரு கீறல் வந்தா மயக்கம் போடறவன் ஒருத்தன். கீறல் போச்சின்னா மயக்கம் போடறவன் இன்னொருத்தன். ரெண்டு பேரும் ஒரே வாரத்துல என்கிட்டதான் வராங்க.”

“உங்க துப்பாக்கியில எப்படிக் கோடு விழுந்திருக்கும்னு நினைக்கிறீங்க?” என்று ஜெசிந்தா மோகனைக் கேட்டாள், மிகுந்த அனுதாபத்தோடு.

“நினைக்க என்ன இருக்கு, மேடம்? எலெக்‌ஷன் நடுவுல ஒருநாள் மனசு கேக்காம இதைப் பார்த்துட்டுப் போக வந்தேன்.”

“ஆஸ்பத்திரில பாக்கற மாதிரி” என்றார் தீனதயாளன்.

“ஆமா சார். ஆரஞ்சு மட்டும்தான் வாங்கிட்டு வரல. வந்து பார்த்தா, பெட்டகத்துல என்னோடதுக்குப் பக்கத்துல ஒரு பழைய டபுள் பேரல் சாய்ஞ்சு கிடக்கு. அதுக்குக் கட்டையே இல்ல! வெறும் இரும்பு. அது இடிச்சுத்தான் என்னோடது போச்சு.”

ஜெசிந்தா தனகோடியைப் பார்த்துச் சிரித்தாள்.

“இரும்பு இங்கியேதான் இருந்துச்சி” என்றார் தனகோடி அவசரமாக. “ஒரு அடி நகரல. கட்டைய மட்டும் கழட்டிக் குடுத்தேன். தப்புதான். ஆனா கேட்டவங்க கேட்ட விதம் அப்டி. யாருன்னு மட்டும் என்னக் கேக்காதம்மா. வாக்கு குடுத்துட்டேன். கடைய மூடினாலும் சரி.”

“மனு போனா மூடித்தான் ஆகணும்.”

“தெரியும்” என்றார் அவர். ஆனால் பெயரைச் சொல்லவில்லை. கடையை இழக்கத் தயாராக இருக்கும் ஆளைப் பார்த்துத் தீனதயாளனுக்கு முதல்முறையாகக் கிண்டல் வரவில்லை. மின்விசிறியை அவர் பக்கமே இருக்க விட்டுவிட்டு வெளியே வந்தார்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. சிற்பக் கூடங்கள் வரிசையாக இரைந்துகொண்டிருந்தன. கல் அறுக்கும் மெஷின் சத்தத்தில் தீனதயாளன் பேசிய இரண்டு நல்ல ஜோக்குகள் யாருக்கும் கேட்காமலே வீணாயின. மரச்சாமானுக்குப் பாலீஷ் போடுகிற கடை எது என்று அவர் தன் பழைய பயணி ஒருவரிடமே விசாரித்தார். இரண்டு பிள்ளையாருக்கும் ஒரு பாதி புத்தருக்கும் நடுவில் ஒடுங்கியிருந்த தகரக் கொட்டகையை அந்தப் பயணி காட்டினார்.

கடைக்காரர் ஜெரோம் நாற்பது வயதுக்காரர். கடற்கரை விடுதிகளுக்குப் பழைய நாற்காலி, கட்டில் இதெல்லாம் புதுப்பித்துக் கொடுப்பவர். துப்பாக்கிக் கட்டை என்றதுமே, “அய்யோ, அதுவா?” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னா ஆச்சி நைனா?”

“காசு வாங்கி ஒரு ஆள அழ வெச்ச வேல சார் அது. ஒரு அம்மா கொண்டாந்தாங்க. துணியில சுத்தி, கூடையில, மேல கீரக்கட்டு வெச்சி. ‘இந்த ஒரு பள்ளம் மட்டும் போவணும்’னாங்க. ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பொட்டி வெச்சேன். ஆவில மரம் கொஞ்சம் எழும்பிச்சி. மீதிய உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். தேச்சப்புறம் பாத்தா அந்த எடம் மட்டும் பளிச்சின்னு கீது, சுத்தி எல்லாம் பழசு. அசிங்கமா இருந்துச்சி. சரி, நம்ம தொழில் சுத்தமா இருக்கட்டும்னு முழுசும் தேச்சிப் பாலீஷ் போட்டுட்டேன். திரும்ப வாங்க வந்தாங்க. பாத்துட்டு அழுதுட்டாங்க.”

“ஏன்?”

“‘மத்ததெல்லாம் அவரோடதுப்பா, அத ஏம்ப்பா தொட்ட’ன்னாங்க. நான் இன்னாத்த சொல்றது? தேச்ச மரத்த ஒட்டவா முடியும்?”

தீனதயாளனின் காதில் ‘நாலு பல்லு’ என்ற குரல் கேட்டது. அவர் திரும்பி ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் ஆச்சரியப்பட்டதாகவே தெரியவில்லை.

“நேத்தே தெரியுமா மேடம்?”

“ஒன்பது வடுவுக்கும் அவங்களுக்குக் கதை தெரியும். எட்டுக்குத் திருத்தம் சொன்னாங்க. ஒண்ணுக்கு மட்டும் அடுப்பைப் பார்க்கப் போனாங்க.” ஜெரோம் பக்கம் திரும்பினாள். “தனியாவா வந்தாங்க?”

“இல்ல, கூட ஒரு பொண்ணு. இடுப்புல கொழந்த. அந்தப் பொண்ணு நம்பர்தான் என்கிட்ட கீது.” செல்போனைத் தடவினார். “இந்தாங்க. ‘கட்ட காயத்ரி’ன்னு போட்டு வெச்சிருக்கேன்.”

ஜெசிந்தா அந்த எண்ணுக்கு அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டாள். தன் பெயரையும், செய்யூர்த் துப்பாக்கி விஷயமாகப் பேசுவதாகவும் சொன்னாள். எதிர்முனையில் ஒரு குழந்தையின் குரல் கேட்டது. பிறகு, “எங்கப்பாவுக்குத் தெரிஞ்சிடுச்சா?” என்றது ஒரு பெண் குரல்.

நாங்க ரெண்டு பேருதான் என்றாரே மனுஷன், என்று நினைத்துக்கொண்டார் தீனதயாளன். அந்தக் கூடத்தில் குடித்த மோர் இப்போது புளித்தது.

காயத்ரி திருவிடந்தையில் இருந்தாள். ஆறு வருடத்துக்கு முன் ஆல்வின் என்பவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, ஆசீர்வாதம் வாங்க நேராக அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். “அன்னிக்கி விழுந்த பள்ளம்தான் அது” என்றாள். “அதுக்கப்புறம் நான் அங்க போனதில்ல. அம்மாதான் கீரை விக்கப் போறேன், கோயிலுக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு வந்து பார்ப்பாங்க. அப்பா தினமும் சாயங்காலம் துப்பாக்கிய மடியில போட்டுக்கிட்டு அந்தப் பள்ளத்தையே தடவிக்கிட்டு இருப்பாராம். கோவம் ஆறவே இல்லைன்னு அம்மாவுக்கு பயம். அத அழிச்சிட்டா மறந்துடுவாருன்னு நெனச்சாங்க. மேடம், தயவுசெய்து சொல்லிடாதீங்க. அம்மாவுக்கு அங்க ஒண்ணு ஆச்சின்னா…”

ஜெசிந்தா சொல்வேன் என்றும் சொல்லவில்லை, சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் தீனதயாளன்தான் பேசினார்.

“கண்டுபுடிக்கச் சொன்னவரு புருசன். செஞ்சது பொண்டாட்டி. சொன்னா குடும்பம் ஒடையும். சொல்லலன்னா தனகோடி கட ஒடையும். பஸ்ஸுல இப்டி வந்தா ரெண்டு பேரையும் எறக்கிவுட்டுட்டு விசில் குடுத்துடுவேன்.”

“நாம யாரையும் இறக்கிவிட வேணாம்ணே. அவர்கிட்ட ஒரு கேள்வி மட்டும் கேட்போம். பதில் அவர் சொல்லட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை. திருவேங்கடம் மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். வசந்தா சமையலறை வாசலில் நின்றாள். வந்தவர்களின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“இது உங்க துப்பாக்கிதான்” என்றாள் ஜெசிந்தா. “கட்டையும் உங்களுதுதான். யாரும் மாத்தல. யாரோ தேய்ச்சிருக்காங்க. அவங்க தேய்க்க நினைச்சது ஒரே ஒரு வடுவை. ஏழாவதை. அது எப்படி விழுந்துச்சுன்னு நீங்க சொன்னா, யார் தேய்ச்சாங்கன்னு நான் சொல்றேன்.”

“அதான் சொன்னேனே. எங்கியோ…”

“எட்டு வடுவுக்கு வருஷம் மாசம் எல்லாம் ஞாபகம் இருக்கு உங்களுக்கு.”

திருவேங்கடம் கட்டிலில் உட்கார்ந்தார். துப்பாக்கியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். கட்டைவிரல் தானாகவே வலது பக்கம் போய் அந்த இடத்தைத் தேடியது. ஒன்றும் இல்லை. வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபடி தேடியது.

“ஒரு பொண்ணு கீறா எனக்கு” என்றார்.

விரல் இன்னும் அந்த இடத்தையே தேடிக்கொண்டிருந்தது.

“வேதக்காரப் பையன், காலனிப் பையன். கையெழுத்துப் போட்டுட்டு ரெண்டு பேரும் நேரா இங்க வந்தாங்க. தோ, அந்த வாசல்ல நின்னாங்க. ஊரே பாத்துக்கினு கீது. எனக்கு இன்னா புடிச்சிதோ, உள்ள போயி இத எடுத்தாந்து… தூக்கிட்டேம்மா. பொண்ணு மேல தூக்கிட்டேன். தோட்டா இல்ல. அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவ மூஞ்சியப் பாத்தேன். அப்பன் சுட்டுடுவான்னு நம்பிட்டா. என் பொண்ணு அத நம்பிட்டா.”

துப்பாக்கியை மடியில் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“என் மேலயே வந்த கோவத்துல வாசக் கல்லுல ஓங்கி இடிச்சேன். அதுங்க பயந்து ஓடிப்போச்சிங்க. அந்தப் பள்ளம் அப்ப வுழுந்ததுதான். தெனம் சாயங்காலம் கை அங்க போவும். போனா, இன்னா பண்ணப் பாத்தோம்னு சுருக்குனு ஒரைக்கும். ஒரைக்கணும். பொண்ணு மூஞ்சில முழிக்கத் தகுதி இல்லாதவனுக்கு அதுனா இருக்கட்டும்னு வெச்சிருந்தேன். இப்ப அதும் இல்லாம யாரோ வழிச்சிட்டுப் போயிட்டாங்க.”

“நான்தாங்க” என்றாள் வசந்தா.

திருவேங்கடம் நிமிர்ந்து பார்த்தார்.

“நான்தான் தேக்கச் சொன்னேன். நீங்க தெனம் அத தடவிக்கினே உக்காந்திருப்பீங்க. கோவத்த ஆற விடாம வளத்துக்கினு கீறீங்கன்னு நெனச்சேன். ஆறு வருசமா அதப் பாக்கும்போதெல்லாம் எனக்கு பயந்தான். இந்தாளு கையில மறுபடி அவ கெடச்சா இன்னா ஆவுமோன்னு…” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?”

“நீ கேட்டியா?”

“கேக்கற மாதிரியா மூஞ்ச வெச்சிருந்தீங்க?”

தீனதயாளன் கூரையைப் பார்த்தார். ஆறு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர் ஒரே பள்ளத்தைப் பார்த்து ஆளுக்கொரு கதை படித்திருக்கிறார்கள். இதற்குச் செங்கல்பட்டிலிருந்து இரண்டு ஆள் வந்து, வேனுக்குப் பெட்ரோல் போட்டு, இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வாய்விட்டுச் சொல்லலாம் என்று நினைத்தார். கண் கரித்ததால் விட்டுவிட்டார்.

“அவ எங்க கீறா?” திருவேங்கடம் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“திருவிடந்தைல” என்றாள் வசந்தா. “பேத்திக்கு மூணு வயசு முடிஞ்சிடுச்சி.”

“பேத்தியா?”

அந்த ஒரு சொல்லை அவர் இரண்டு மூன்று முறை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். பிறகு எழுந்து துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை வசந்தாவின் கையில் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து மனுவை எடுத்து நான்காகக் கிழித்தார். கொல்லைப்பக்கம் போனவர் திரும்பி வர வெகு நேரம் ஆயிற்று.

“ஓடிட்டாரா மேடம்?” என்று தீனதயாளன் கிசுகிசுத்தார்.

ஓடவில்லை. மஞ்சள் துணிப்பை ஒன்றில் முந்தின நாள் பிடுங்கிய வேர்க்கடலையை மண் உதறி நிரப்பிக்கொண்டு வந்தார். “வேன்ல எடம் கீதா?” என்றார்.

“நின்னுகினு வந்தாலும் சீட்டுப் போட்டுக் கூட்டிக்கினு போறேன் அண்ணாத்த, ஏறு.”

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றரை மணி நேரம். திருவேங்கடம் பையை மடியை விட்டு இறக்கவில்லை. மாமல்லபுரத்தைத் தாண்டியதும், “அந்தப் பையன் இன்னா வேல பாக்கறான்?” என்று கேட்டார். ஏ.சி. மெக்கானிக் என்றாள் வசந்தா. கோவளத்துக்கு முன்னால் வேன் திரும்பியது.

திருவிடந்தையில் கோயிலைத் தாண்டி, மீன் வலை காய்ந்த சந்துக்குள் இரண்டாவது வீடு. வேன் நின்ற சத்தத்துக்கு ஆல்வின் வெளியே வந்தான். இறங்கியது யார் என்று பார்த்ததும் திரும்பி வாசலுக்குக் குறுக்கே நின்றுகொண்டான். அவன் தோளுக்குப் பின்னால் காயத்ரி, இடுப்பில் குழந்தையோடு.

வேனின் கதவைப் பிடித்தபடி நின்ற தீனதயாளன் அதை நன்றாகப் பார்த்தார். அவள் முதலில் பார்த்தது அப்பாவின் முகத்தை இல்லை. அவருடைய கைகளை. வலது கையை, பிறகு இடது கையை.

திருவேங்கடமும் அதைப் பார்த்துவிட்டார். பையை இடது கைக்கு மாற்றி, வலது கையை விரித்துக் காட்டினார். பிறகு பையை வலது கைக்கு மாற்றி, இடது கையைக் காட்டினார். சோதனைச் சாவடியில் நிற்கிற ஆள் போல.

“பச்சக் கடல” என்றார். “புள்ளைக்கி வேவிச்சிக் குடு. உப்பு கம்மியாப் போடு.”

குழந்தைதான் முதலில் கையை நீட்டியது, பையைப் பார்த்து.

ஆல்வின் ஒருமுறை மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையசைத்ததும் ஒதுங்கி வழிவிட்டான். “உள்ள வாங்க மாமா.”

திருவேங்கடம் குனிந்து செருப்பைக் கழற்றினார். பக்கிள் எதுவும் இல்லாத சாதாரண ரப்பர் செருப்புதான், குனியாமலே கழற்றலாம். ஆனாலும் அவர் நிமிர ரொம்ப நேரம் ஆயிற்று. அதுவரை யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.